இன்னும் ஒரு தூக்கம்

மேல் விடுதியின் ஒன்பதாம் எண் அறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஆளோடு சேர்ந்து ஆற்றுப் போக்கில் கிளம்பிப் போய்விட்டது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் அறையில் சவரம் செய்துகொண்டிருந்த விதை வியாபாரி, சுவர் லேசாகத் தோளில் இடித்ததென்றும், கண்ணாடி ஒரு விரற்கடை நகர்ந்ததென்றும், அதற்கு மேல் தன்னைக் கேட்கக் கூடாதென்றும் பிறகு சொன்னார். துடைப்பத்தோடு தாழ்வாரத்தில் வந்த பெருக்குகிற பெண், எட்டுக்கு அடுத்துப் பத்து இருப்பதைப் பார்த்தாள். நடுவிலிருந்த கதவைக் காணோம்; கதவு இருந்த இடம் என்று சொல்ல ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பதாம் அறையின் மிதியடி மட்டும் கிடந்தது. அவள் அதை எடுத்து உதறி, பத்தாம் அறை வாசலில் இருந்த மிதியடிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மேலே பெருக்கிக்கொண்டு போனாள். தனக்கு ஒரு அறை வேலை மிச்சம் என்று நினைத்ததாக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் பயணம் போகிறவர்களுக்குத் தங்க இடம் கிடைப்பது எப்போதுமே பெரும்பாடு. மலையடிவாரத்திலிருந்து கடல் முகம் வரைக்கும் கரையோரம் மொத்தமே ஏழு விடுதிகள். சாலை குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும், ஒரு விடுதியிலிருந்து அடுத்ததற்கு முழுதாக ஒரு பகல் ஆகும், போய்ச் சேர்ந்தால் இடமில்லை என்பார்கள். ஈரக்காற்றில் கட்டில்கள் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால் பாதி அறைகள் கட்டில் பழுது என்று பூட்டியே கிடக்கும். பூட்டைத் திறக்கவும் அங்கே ஒரு முறை உண்டு. பழுது பார்த்த கட்டிலில், பழுது பார்த்தவரே ஒரு தூக்கம் தூங்கிப் பார்க்க வேண்டும். அவர் எழுந்ததும் விடுதிக்காரர் வந்து "தாங்குமா?" என்று கேட்க, அவர் "தாங்கும்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வருகிற வரைக்கும் அந்த அறை விடுதிக்காரருடையது இல்லை, கட்டில்காரருடையது; உள்ளே வேறு ஆளை ஏற்றவும் கூடாது, அவரை இறக்கவும் கூடாது. என்றைக்கோ ஒரு கனத்த நீதிபதி கட்டிலோடு தரையில் விழுந்ததிலிருந்து வந்த ஏற்பாடு என்கிறார்கள். இருவர் படுக்கும் கட்டில் என்றால் இருவர் படுத்துப் பார்க்க வேண்டும். கட்டில்காரர்கள் கல்யாணம் செய்துகொள்வதே இதற்காகத்தான் என்று அங்கே கேலி பேசுவார்கள்.

ஒன்பதாம் அறையோடு போனவர் அப்படி ஒரு கட்டில்காரர். அவர் மனைவி தையல்காரி. இவர் கட்டில்களுக்கு ஆப்பு அடிக்க, அவள் அதே விடுதிகளுக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைப்பாள். இருபத்திரண்டு வருடமாக ஏழு விடுதிகளுக்கும் மேலும் கீழுமாகப் போய்வந்து, பழுதான அறையில் தங்கி, பழுது நீங்கியதும் கிளம்பிவிடுகிற பிழைப்பு. சீர்செய்த அறையில் இரண்டாம் நாள் அவர்கள் இருந்ததே இல்லை. அவருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. படுத்தால் அரை நிமிடத்தில் குறட்டை. எழுந்தால் கட்டில் காலைத்தான் பார்ப்பார், அறையைப் பார்க்க மாட்டார். விடுதிக்காரர்கள் முகமே அவருக்குச் சரியாகத் தெரியாது. அவளுக்கு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான திரைச்சீலை தைத்த கை, தனக்கென்று ஒரு ஜன்னலில் ஒன்றைத் தொங்கவிட்டது கிடையாது. ஒரு ஜன்னல் வேண்டும், அதில் தான் தைத்த திரை தொங்க வேண்டும், மறுநாள் எழுந்து பார்த்தாலும் அது அங்கேயே தொங்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். "அடுத்த பருவத்துல பாக்கலாம்" என்று அவர் இருபத்தோரு தடவை சொல்லியிருந்தார்.

இருபத்திரண்டாவது தடவையும் சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில். முந்தின நாள்தான், இரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன வீடு காலியாகக் கிடக்கிறது, குடியிருக்க ஆள் வந்தால் போதும் என்கிறார்கள் என்று அவள் காதில் விழுந்திருந்தது. செவ்வாய் சாயங்காலத்துக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பதாம் அறைக் கட்டிலுக்கு ஒரு குறுக்குப் பலகை தேவைப்பட்டது, மரக்கடை பூட்டிக் கிடந்தது. விடுதிக்குப் பின்னால் கரையில் ஒதுங்கியிருந்த ஒரு பலகையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் தார் பூசிக் கறுத்திருந்த பலகை. உடைந்த படகுடையது என்று பார்த்ததுமே இருவருக்கும் தெரியும். வெள்ளத்தில் வந்த மரத்தைக் கதவுக்குப் போடலாம், படிக்குப் போடலாம், கட்டிலுக்கு மட்டும் போடக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது. அவர் தயங்கினார். "போடுங்க, யாரு குனிஞ்சு பாக்கப்போறா" என்று அவள் சொன்னாள். அவர் போட்டார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, படுத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், வீட்டைப் பார்க்க அவள் கூப்பிட, அவர் அடுத்த பருவம் என்றார். அவள் தைத்துக்கொண்டிருந்த பச்சைத் திரையில் பாதியிலேயே நூல் தீர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். "நான் நூல் வாங்கப் போறேன். நீங்க தூங்குங்க, நல்லாத் தூங்குங்க. இப்படியே தூங்கிக்கிட்டு எங்கயாச்சும் தொலைஞ்சு போங்க!" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அவர் கட்டிலில் தன் பக்கமாக ஒதுங்கி, அவள் பக்கத்தை அவளுக்கு விட்டுவைத்துப் படுத்தார். அரை நிமிடத்தில் குறட்டை வந்தது.

அவள் நூல்கண்டோடு திரும்பியபோது எட்டுக்குப் பக்கத்தில் பத்து இருந்தது. மேல் விடுதிக்காரர் தாழ்வாரத்தை அடியால் அளந்துகொண்டிருந்தார். "என் அறை எங்கம்மா?" என்றார். "என் வீட்டுக்காரர் எங்கன்னு நான் பதறிக்கிட்டு நிக்கிறேன். நீங்க அறையைக் கேக்குறீங்களே!" என்று அவள் கத்தினாள். அப்படியும் அந்த மனிதர் நியாயமானவர்தான். கட்டில்காரர் இன்னும் "தாங்கும்" என்று சொல்லாத நிலையில் அறை தன்னுடையது இல்லை, ஆகவே காணாமல் போனதும் தன்னுடைய அறை இல்லை என்று யோசித்து, அளப்பதை நிறுத்திக்கொண்டார். நடுராத்திரியில் கீழேயிருந்து வந்த மாவு வண்டிக்காரர் செய்தி கொண்டுவந்தார். மில் விடுதியில் மத்தியானம் பார்த்தால் ஒரு அறை கூடுதலாக இருக்கிறதாம், ஆறு அறை உள்ள விடுதியில் ஒன்பது என்று எண் போட்ட கதவாம், உள்ளே யாரோ குறட்டை விடுகிறார்களாம். குறட்டை எப்படி என்று அவள் கேட்டாள். அவர் விட்டுக் காட்டினார். அவள் நூல்கண்டை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு சந்தையில் இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டார்கள். அவர் அவளைத் தேடிச் சுற்ற, அவள் அவரைத் தேடிச் சுற்ற, இரண்டு பேரும் ஒரே வட்டத்தில் ஒரே திசையில் பொழுது சாய்கிற வரைக்கும் சுற்றினார்கள். அன்றைக்கு முடிவானது: இனி தவறிப்போனால் அவர் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, அவள்தான் தேடி வருவாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஆகவே ஒன்பதாம் அறையில் கண் விழித்து, அவள் இன்னும் வரவில்லை என்று கண்டதும், வாசல்படியைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நேற்று மலை தெரிந்ததே, இன்று மாவு மில் தெரிகிறதே என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் அவர் ஜன்னலில் வேறு ஏதோ ஒன்றுதான் தெரிந்துகொண்டிருந்தது.

மில் விடுதிக்கு அவள் மறுநாள் உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கட்டடம் மில் ஓடுகிற நேரமெல்லாம் நடுங்கும். தண்ணீர்க் குவளை மேசையில் தானாக நடந்து போகும், தங்குகிறவர்கள் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுவார்கள். "இருந்துச்சும்மா, அருமையான அறை. நல்ல காத்து" என்றார் மில் விடுதிக்காரர். "காலைல சாப்பாடு உள்ள குடுத்தோம். சாப்பிட்டாரு. ஆடுற முக்காலி ஒண்ணு இருந்துச்சு, வாசல்ல வச்சேன், சரி பண்ணிக் குடுத்தாரு. அப்புறம் லேசாக் கண்ணசந்தாரு. அவ்வளவுதான், கிளம்பிடுச்சு. ஒரு ஜோடிக்கு வேற அந்த அறையைத் தர்றேன்னு சொல்லி வச்சிருந்தேன்." அவர் குரலில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். அவள் முக்காலியைத் தலைகீழாகத் திருப்பினாள். காலுக்கும் பலகைக்கும் நடுவே அவர் அடிக்கிற மாதிரியே, தலை சற்றுச் சாய்ந்த ஆப்பு. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆறு அறையும் நிரம்பியிருந்ததால் அன்றைக்கு அவளுக்கு மாவு மூட்டைகளின் மேல்தான் இடம் கிடைத்தது. எழுந்தபோது தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக இருந்தாள். உதற நேரமில்லாமல் அப்படியே அடுத்த வண்டியைப் பிடித்தாள்.

அவர் தூங்கினால் அறை ஒரு விடுதி கீழே போகிறது என்பதை அவள் மூன்றாம் விடுதியில் புரிந்துகொண்டாள். அங்கேயும் கண்ணசந்தார், கிளம்பிவிட்டது என்றுதான் சொன்னார்கள். நான்காம் விடுதியிலும் சொல்லி வைத்தாற்போல் அதே பேச்சு. மூன்றாவதில் அவளுக்குச் சலவை அறையில், கொதித்து ஆறிக்கொண்டிருந்த தொட்டியின் பக்கத்தில் பாய் போட்டார்கள். நான்காவதில் ஒரு கிழட்டுத் தம்பதியின் அறையில், நடுவில் அவளே தைத்த பழைய திரையைக் கட்டி, மறுபக்கம் இடம் கொடுத்தார்கள். ஐந்தாவதில் ஒரு மூலைகூட இல்லை. ஒன்பதாம் அறை நின்றுவிட்டுப் போன காலி இடம்தான் உண்டு, சம்மதமா என்று கேட்டார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெறும் மண், மேலே வானம். அங்கே ஒரு நாடாக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பள்ளத்தாக்கு முழுக்க நல்ல மழை. அந்தப் பத்தடிக்குப் பத்தடியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. கூரை இன்னும் முழுசாகக் கிளம்பவில்லை போலிருக்கிறது என்று விடுதி ஆட்கள் பேசிக்கொண்டார்கள். சுற்றிலும் மழை சரம் சரமாக இறங்க, அவள் நனையாமல் படுத்து, தலைக்கு அருகில் அவருடைய மரச்சுத்தியல், அந்தக் கொட்டாப்புளி, தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டொக், டொக், பிறகு ஊதித் தூசு தட்டுகிற மூச்சு. இருபத்திரண்டு வருடமாக எரிச்சலோடு கேட்ட சத்தம். "சத்தம் போடாம வேலை செய்யத் தெரியாதா" என்று எத்தனை தடவை கடிந்திருப்பாள். இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

பயம் அங்கேதான் வந்தது. அதுவரைக்கும் அவளிடம் இருந்தது பாதி கோபம், பாதி அவசரம். விடியலில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆறாவது பனி விடுதி, ஏழாவது முகத்துவார விடுதி. அதற்குக் கீழே விடுதி இல்லை, கரையும் இல்லை. ஏழாவதில் ஒரு தூக்கம் போட்டாரானால் அடுத்து அவர் கண் விழிக்கிற இடம் கடல். நீச்சல் தெரியாத மனுஷன். தெரிந்திருந்தாலும் வாசல்படியைத் தாண்ட மாட்டார்.

பனி விடுதியில் மத்தியானம் வரைக்கும் மூடுபனி அறைக்குள்ளேயே இருக்கும். ஜன்னல் சாத்தினால் உள்ளே இருக்கிற பனி வெளியே போகாது என்பதால் யாரும் சாத்துவதில்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் விடுதிக்கார அம்மாள் ஒரு சின்ன மணி கொடுப்பாள். ஒலியை வைத்துத்தான் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடப்பார்கள். தையல்காரி உள்ளே நுழைந்து, யாரையும் பார்க்க முடியாமல் வெள்ளையைப் பார்த்து "ஒன்பதாம் அறை இருக்கா?" என்று கேட்டாள். எங்கோ பக்கத்தில் ஒரு மணி நின்றது. "நீதானா அந்த அம்மா!" என்றது விடுதிக்காரியின் குரல். "மூணு நாள் இங்கதாம்மா இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் கண்ணசந்தாரு, போச்சு."

மூன்று நாளா, எப்படி என்று கேட்டாள். "தூங்கவே இல்லையேம்மா அவரு. படுத்தா அரை நிமிஷத்துல தூங்குற ஆளாம், அவரே சொன்னாரு. இப்ப வர மாட்டேங்குதுன்னாரு. வந்து என்கூட கொஞ்சம் உக்காருங்க, ஏதாவது சாப்பிடுங்கன்னேன். இல்லம்மா, அவ கோபமாப் போயிருக்கா, கோபம் தணிஞ்சா வந்துருவா, நான் இடத்தை விட்டு நகர்ந்தேன்னா அவளுக்கு வழி தெரியாதுன்னாரு. படுக்கை தட்டிப் போட உள்ள போனேன். கட்டில்ல ஒரு பக்கம்தான் கசங்கியிருக்கு. இன்னொரு பக்கம் அப்படியே, மடிப்புக் கலையாம. பாதி தைச்ச பச்சைத் துணி ஒண்ணை மடிச்சு அந்தப் பக்கத் தலையணை மேல வச்சிருந்தாரு." தையல்காரி பனிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மடியிலிருந்த மணி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் கேட்டார்கள். விடுதிக்காரி ஒலியைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் தலையில் கை வைத்தாள்.

கடைசி இரண்டு விடுதிகளுக்கு மட்டும் தொலைபேசிக் கம்பி போட்டிருந்தார்கள். மேலே இருப்பவற்றுக்கு இன்றைக்கும் கிடையாது. விடுதிக்காரி அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், முகத்துவார விடுதிக்கு எண்ணைச் சுற்றிக் கொடுத்தாள். அந்த விடுதியை நடத்துகிறவரைப் பள்ளத்தாக்கு முழுவதும் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லும். அவர் சொந்த அண்ணன் கடிதத்திலும் அப்படித்தான் எழுதுவார். எடுத்ததும் "இடம் இல்ல" என்றார். "இடம் கேக்கல ஐயா. உங்க விடுதியில இப்ப புதுசா ஒரு அறை வந்திருக்கா?" "வந்திருக்கு. யாரைக் கேட்டு வந்துச்சுன்னுதான் நானும் கேக்குறேன்." "உள்ள இருக்கிறவர் என் வீட்டுக்காரர். அவரை மட்டும் தூங்க விடாதீங்க ஐயா, நான் வர்ற வரைக்கும். தூங்கிட்டாருன்னா அறை கடலுக்குப் போயிரும்." "அந்த ஆள்கிட்டயே விஷயத்தைச் சொல்லி வெளிய வரச் சொல்லிடறேன்" என்றார். "ஐயோ, சொல்லிராதீங்க. இருந்த இடத்தை விட்டு நகர்ந்துட்டோம்னு தெரிஞ்சா பதறிப்போய் என்னைத் தேடி மேல கிளம்பிருவாரு. நான் கீழ வருவேன், அவர் மேல போவாரு. அப்புறம் இந்த ஜென்மத்துல நாங்க பாத்துக்க முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன் ஐயா. அதை நானே வந்துதான் எடுத்துக்கணும்." "எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சியா?" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வைத்துவிட்ட சிடுமூஞ்சி தொலைபேசியைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க் கால் ஆடுகிற இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்பதாம் அறை வாசலில் வைத்து, "இதைப் பாரு, உடனே வேணும்" என்றார். கட்டில்காரர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உளியை எடுத்தார். அவை முடிந்ததும் ஒரு மேசை. அது முடிந்ததும் இழுப்பறை ஒட்டிக்கொள்ளும் அலமாரி. விடுதியில் பழுதான மரச்சாமான் சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோயிற்று. கட்டில்காரர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். சுவர் கடல் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது. சிடுமூஞ்சி அதைக் கண்ணால் பார்த்தார். வாயில் முனகலோடு கொல்லைப்பக்கம் போய், தன் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த, ஒரு குறையும் இல்லாத நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்லில் ஓங்கி அடித்தார். அதற்குப் பிறகு அவர் கை நிற்கவில்லை. விடிந்து மத்தியானம் தாண்டுகிற வரைக்கும் பதினான்கு நாற்காலி, இரண்டு பெஞ்சு, மாடிப்படிக் கைப்பிடியில் ஒன்பது கட்டைகள். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி நாற்காலியைப் பிடுங்கினார். எழுந்தவர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், விஷயம் தெரிந்ததும் தாங்களே காலைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தார்கள். "இவ்வளவு முரட்டு ஜனம் தங்குற விடுதியை நான் பாத்ததே இல்ல" என்று கட்டில்காரர் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

தையல்காரி அந்த நேரமெல்லாம் மோட்டார் படகில் வந்துகொண்டிருந்தாள். ஆறு கடலுக்குக் கிட்டே வரவர வளைந்து வளைந்து சோம்பிப் படுத்துக்கொள்ளும். கரைகள் விலகிவிலகி, நாணல் எது நிழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். படகு போகிறதா, கரை பின்னால் போகிறதா என்று தெரியாது. சுக்கான் பிடித்தவர் அரைத் தூக்கத்தில் இருக்கிறவர் மாதிரி தெரிந்தார். அந்த ஆளிடம்தான் அவள் முதல்முறையாக வாயைத் திறந்து சொன்னாள், படகுப் பலகையைக் கட்டிலுக்குப் போடச் சொன்னது தான்தான் என்று. யாரு குனிஞ்சு பாக்கப்போறா என்று சொன்னதையும், கட்டிலில் தன் பக்கம் காலியாகவே கிடப்பதையும் சொன்னாள். அவர் நிதானமாகத் தலையாட்டினார். "படகுப் பலகையில ஆளு படுத்தா அது சும்மா கிடக்குமா? போகத்தான் செய்யும். அது பெரிய தப்பு இல்லம்மா. பாரம் ஒரு பக்கமாவே இருக்கே, அதுதான் தப்பு. ஒரு பக்கம் பாரம் ஏறினா எந்தப் படகும் நிலையில நிக்காது, இழுத்துக்கிட்டே போகும்." தன் வீட்டுக்காரரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அவள் வரிசையாக மனதில் தைத்து வைத்தாள். தொலைந்து போ என்று சொன்னது, பலகை, இருபத்திரண்டு வருடத்துக் கடிந்த பேச்சு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு மன்னிப்பு.

பின்மதியம் மூன்று மணிக்குப் படகு துறையைத் தொட்டது. முகத்துவார விடுதி வாசலில் ஒரு கூட்டமே எழுந்து நின்றுகொண்டிருந்தது. உட்கார நாற்காலி இல்லை. சிடுமூஞ்சி கையில் ஒரு முக்காலியோடு, சட்டையெல்லாம் சிராய்த்தூளாக, "இதான் கடைசி. வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று எரிந்து விழுந்து, கதவைக் காட்டினார். ஒன்பது என்று எண் போட்ட அதே கதவு. ஏழு நாளாகத் துரத்திய கதவு. அவள் கை வைத்ததும் திறந்துகொண்டது.

கட்டில்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மடியில் ஒரு நாற்காலிக் கால், கையில் கொட்டாப்புளி. நிமிர்ந்து பார்த்தார்.

"நூல் கிடைச்சுதா?" என்றார்.

அவள் வரிசையாகத் தைத்து வைத்திருந்ததெல்லாம் பிரிந்துபோயிற்று. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாவும் மழையும் பனியும் பட்டு நிறம் மங்கிய பச்சை நூல்கண்டை எடுத்துக் காட்டினாள். "கிடைச்சுது" என்றாள். பிறகு, "நான் அன்னைக்கு... தொலைஞ்சு போங்கன்னு சொன்னேனே, அதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அழுற? நான்தான் எங்கயும் போகலையே" என்றார் அவர். "இங்கயேதானே இருந்தேன்."

அவள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இன்றைய தேதி வரைக்கும் சொன்னதில்லை. "தூக்கம் வருதா?" என்று கேட்டாள். "கொல்லுது. ஆனா நீ வராம எப்படிப் படுத்துப் பாக்குறது? இருவர் கட்டிலாச்சே" என்றார். பச்சைத் துணியை எடுத்துவிட்டு அவள் தன் பக்கத்தில் படுத்தாள், அவர் தன் பக்கத்தில் படுத்தார். அரை நிமிடத்தில் குறட்டை வந்தது. வெளியே நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, ஒன்பதாம் அறை முகத்துவார விடுதியின் சுவரிலிருந்து பிரிந்து, கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. ஐம்பது அடி போயிற்று. அங்கே ஆறும் கடலும் சேருகிற இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணல் திட்டு உண்டு. அதன் மேல் ஏறி, பெட்டையாடு படுக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைந்து, நின்றுகொண்டது. சிடுமூஞ்சி கையிலிருந்த முக்காலியைக் கீழே வைத்து அதில் உட்கார்ந்தார். பதினான்கு நாற்காலியும் முன்னைவிட இப்போது உறுதியாக இருக்கின்றன என்று அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்.

இருவரும் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார்கள். ஜன்னலில் கடல் தெரிந்தது. அவள் திரையின் மீதிப் பாதியைத் தைத்து முடித்துத் தொங்கவிட்டாள். அதற்கடுத்த நாள் எழுந்து பார்த்தாள். திரையும் அங்கேயே இருந்தது, கடலும் அங்கேயே இருந்தது. பள்ளத்தாக்கில் இறங்கி வந்து முகத்துவார விடுதியில் இடம் கிடைக்காதவர்களை, சிடுமூஞ்சி இப்போதெல்லாம் விரட்டுவதில்லை. "இடம் இல்ல, ஒன்பதாம் அறைக்குப் போங்க, ஒதுங்கி இடம் குடுப்பாங்க" என்கிறார். போனவர்களுக்குத் தரையில் பாயும், புது உறை போட்ட தலையணையும் கிடைக்கின்றன. ஒரே இரவில் பதினொரு பேர் தங்கியதுண்டு. அறை பத்தடிக்குப் பத்தடிதான், யாருக்கும் கால் இடிக்கவில்லை.

மேல் விடுதிக்காரர் வருடத்துக்கு ஒருமுறை படகேறி வருகிறார். நியாயமானவர் என்று முன்பே சொன்னோம்; முறையை விட மாட்டார். மணல் திட்டில் ஏறி, வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு "தாங்குமா?" என்று கேட்பார். கட்டில்காரர் எழுந்து போய்க் கட்டிலின் குறுக்குப் பலகையைக் கையால் அழுத்திப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். தையல்காரி தைப்பதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் திரும்பி வந்து, "இன்னும் ஒரு தூக்கம் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். மேல் விடுதிக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு, திரும்புகிற படகு மறுநாள்தான் என்பதால், ஒன்பதாம் அறையிலேயே தங்கிவிட்டுப் போவார். மூன்றாம் வருடம் வந்தபோது அவர் கக்கத்தில் ஏதோ சுருட்டி வைத்திருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, அதைப் பிரித்து வாசலில் போட்டார். ஒன்பதாம் அறையின் மிதியடி. பத்தாம் அறை வாசலில் இரண்டு மிதியடி வீணாகக் கிடக்கிறது என்று சொல்லி, அதிலேயே காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.